ஒரு கீரியின் தலையில் மூன்று பழி

சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து வந்த கடிதம் இது. ஊரையும் பெயரையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன். எழுதியவர் கணவரை இழந்தவர். மாமியாரோடும் 11 வயது மகனோடும் வசிக்கிறார். ஆவணி மாதக் கடைசியில், அரசு மானியத்தில் நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கியிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையில் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் உண்டு. இப்போது கார்த்திகை. நாற்பதில் மிஞ்சியவை 17.

"எல்லாம் கீரியின் வேலை" என்று எழுதியிருக்கிறார். முதல் ஒன்றரை மாதத்தில், கொல்லையில் மேய்ந்த குஞ்சுகளில் ஒன்பது பகல் நேரத்திலேயே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இன்னும் இரண்டு எப்போது போயின என்றே தெரியவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஐந்து கோழிகள் கூனிக் குறுகி உட்கார்ந்து, இரண்டு மூன்று நாளில் இறந்தன. "கீரியைக் கண்ட அதிர்ச்சி" என்றாராம் மாமியார். அவற்றைக் கொல்லைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் புதரில் வீசியிருக்கிறார்கள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் விடிந்து பார்த்தால், கூட்டுக்குள் ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன. நான்கிற்குத் தலை இல்லை. மற்ற மூன்றின் கழுத்தில் கடி. கதவு பூட்டியது பூட்டியபடி இருக்க, பின்பக்கக் கூரையில் ஓர் ஓடு மட்டும் விலகியிருந்தது. கொழுந்தனார் கருவாட்டில் குருணை மருந்து (வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லி) வைத்துக் கீரியைத் தீர்த்துவிடலாம் என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ கூட்டைச் சுற்றிக் கம்பி கட்டி இரவில் மின்சாரம் விடச் சொல்கிறார். "எதைச் செய்யட்டும்? அல்லது கோழி வளர்ப்பையே விட்டுவிடட்டுமா?" என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கோழிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். "கீரி வாயிலிருந்து குஞ்சைப் பிடுங்கப் போய் மகனின் புறங்கையில் லேசாகக் கடிபட்டது, கொஞ்சம் ரத்தம் வந்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தோம், ஆறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்து மூன்று வாரம் ஆகிறது. இதைப் படித்த உடனே பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கூட்டுக்கதவு, வலை, ஓடு எல்லாம் நாளை வரை காத்திருக்கும்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாலூட்டி விலங்கு எதன் கடியிலும் அது வரலாம்; கீரி அதற்கு விலக்கு இல்லை. கடித்தது வீட்டு நாயாகவோ பூனையாகவோ இருந்தால், பத்து நாள் அதைக் கண்காணிக்கலாம் என்ற ஒரு வழியாவது உண்டு. புதரிலிருந்து வந்து புதருக்குள் போன கீரியை எங்கே கண்காணிப்பது? புண் ஆறிவிட்டதற்கும் கிருமி போய்விட்டதற்கும் தொடர்பே கிடையாது. நோய்க்குறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் தாமதமாகிவிட்டது என்று தயங்காதீர்கள். மூன்று வாரம் கழித்துப் போனாலும் ஊசி போடுவார்கள், போட வேண்டும். ரத்தம் வந்த கடி என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கடிக்குத் தடுப்பூசியோடு, கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். கால்நடை மருத்துவர்களாகிய நாங்கள் கடிபடுவதற்கு முன்பே இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்கள். அதில் வீரத்துக்கு இடமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இனி எப்போது எந்த விலங்கு கடித்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

எந்தச் சாவு யாருடையது

இனி கோழிகளுக்கு வருவோம். 23 கோழிகள் போனதை நீங்கள் ஒரே கணக்கில் எழுதி, கீரி பெயரில் பற்று வைத்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு அதில் குறைந்தது மூன்று வெவ்வேறு சாவுகள் தெரிகின்றன.

பகலில் போன ஒன்பதில் பெரும்பகுதி கீரியின் வேலைதான். நடுப்பகலில் கருவேலம் புதரை நோக்கி அது குஞ்சோடு ஓடியதை உங்கள் கொழுந்தனாரே பார்த்திருக்கிறார். புதர் ஓரத்தில் இறகுக் குவியலும் கிடந்திருக்கிறது. ஆனால் ஒன்பதும் அதனுடையவை என்று சொல்ல மாட்டேன். இறகுகூடக் கிடைக்காமல், "இப்போது பார்த்தேன், இப்போது இல்லை" என்று போனவற்றில் வல்லூற்றுக்கும் பங்கு இருக்கும். உங்கள் கொல்லையில் மேலே பந்தலோ மரநிழலோ இல்லாத வெட்டவெளி ஒரு பக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வல்லூறு வேப்பமரக் கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தாழப் பறந்து வந்து ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரே இரவில் ஏழு போனதே, அது கீரி இல்லை. கீரி பகல் விலங்கு. பொழுது சாய்ந்தால் நம்மைப் போலவே வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பூட்டிய கூட்டுக்குள் கூரை ஓடொன்றை விலக்கி இறங்கியது, தலையைத் தின்று உடலை விட்டுவிட்டது, வேண்டியதற்கு மேல் கொன்றது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மரநாய். பனையில் கட்டிய கலயத்தில் பதநீர் குடிக்குமே, அதே பிராணிதான். பழமும் தின்னும், எலியும் தின்னும். கூட்டுக்குள் இறங்கிவிட்டால் கோழிகள் சிறகடித்துப் பதறப் பதறக் கடித்துக்கொண்டே போகும். காட்டுப்பூனையாக இருந்திருந்தால் ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிருக்கும். நாயாக இருந்திருந்தால் கதவோ வலையோ கிழிந்திருக்கும். கோழிகள் கொல்லை முழுவதும் சிதறிக் கிடந்திருக்கும்.

ஐப்பசியில் இறந்த ஐந்தும் அதிர்ச்சியால் சாகவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, வாயைத் திறந்து மூச்சுவிட்டன, ஒன்றின் கழுத்து திருகிக்கொண்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் இந்த அறிகுறிகளைப் படித்ததும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கெட் நோய் என்று நாங்கள் எழுதுவது இதைத்தான். குஞ்சுகளை வாங்கும்போது "ஊசி எல்லாம் போட்டாயிற்று" என்று சொன்னார்கள் என்கிறீர்கள். உண்மையாகவே போட்டிருப்பார்கள். முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் போடுகிற சொட்டு மருந்து அது. எட்டாம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஓர் ஊசி போட வேண்டும். அது உங்கள் பொறுப்பில் வந்தது; யாரும் உங்களிடம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால், அந்த எட்டாம் வாரம் கடந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில்தான் கோழிகள் சாய ஆரம்பித்திருக்கின்றன.

நான் பணியில் இருந்த காலத்தில் "கீரி கடித்துவிட்டது" என்று சாக்கில் போட்டுக் கொண்டுவரும் கோழிகளை அறுத்துப் பார்ப்பது உண்டு. கடித்தது உண்மையாக இருக்கும். ஆனால் குடலுக்குள் பார்த்தால் நோய் முற்றி, கீரி வருவதற்கு முன்பே அந்தக் கோழி பாதி செத்திருக்கும். நோய்கண்ட கோழியால் ஓட முடியாது. வேட்டையாடும் விலங்கு எப்போதும் ஓட முடியாததைத்தான் முதலில் தூக்கும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அந்த ஐந்து கோழிகளையும் புதரில் வீசினீர்கள் அல்லவா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புதருக்குள் நடமாடும் அத்தனை விலங்குகளுக்கும், இந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று தாம்பூலம் வைத்து அழைத்தது போல் ஆகிவிட்டது. அடுத்த வாரமே மரநாய் வந்ததில் எனக்கு வியப்பில்லை. இனி எந்தக் கோழி இறந்தாலும் மூன்றடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

குருணையும் கம்பியும்

கொழுந்தனார் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார். ஆனாலும் அவர் சொல்வதை நீங்கள் தடுத்தே ஆக வேண்டும். காரணம் இரக்கம் மட்டும் இல்லை.

கீரி 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. மரநாயும் காட்டுப்பூனையும் அப்படியே. "என் கொல்லைக்குள் வந்தது, என் கோழியைத் தின்றது, நான் கொன்றேன்" என்ற வாதம் அங்கே செல்லாது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமின்றி விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறியில் பிடிப்பது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே அடங்கும். வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் இவற்றில் எதைச் செய்தாலும் சிறைத் தண்டனை வரை போகும். கீரியைப் பிடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று யாராவது வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். ஓவியத் தூரிகைக்காகக் கீரி முடியை விற்கும் கள்ள வணிகம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. பிடிக்கிறவருக்குக் காசு அங்கே கிடைக்கும், வழக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, குருணை கலந்த கருவாடு என்ன செய்யும் என்று மட்டும் யோசியுங்கள். கருவாட்டு வாசனைக்கு முதலில் வருவது யார்? தெருநாய், பூனை, காகம். உங்கள் சிறுவிடைக் கோழிகளும் கருவாட்டைக் கொத்தாமல் விடாது. நாய் செத்தால், விலங்கை விஷமிட்டுக் கொன்ற குற்றத்துக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மயில் செத்தால் அது தனி வழக்கு. உங்கள் பக்கத்தில் மயில்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினோரு வயதுப் பையன் விளையாடுகிற கொல்லை அது.

ஒரு கீரியைக் கொன்றால் கீரித் தொல்லை தீரும் என்பதும் தவறான கணக்கு. இடம் காலியானால் பக்கத்துப் புதரிலிருந்து இன்னொன்று வந்து பிடித்துக்கொள்ளும். இடையில் கீரி இல்லாத சில மாதங்களில் எலியும் பெருச்சாளியும் பெருகும், அவற்றின் பின்னால் பாம்பு வரும். பெருச்சாளி கோழிக்குஞ்சை விட்டுவைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, வாயில் ரத்தம் கண்டு அவசரப்பட்டு அடித்துக்கொன்ற தாயின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊர் நம்முடையது. அந்தத் தாய்க்காவது ரத்தம் கண்ணில் பட்டது. இரவு நடந்த கொலைக்கு, நீங்கள் கீரியைச் சம்பவ இடத்தில் பார்க்கக்கூட இல்லை.

கம்பியில் மின்சாரம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கம்பியில் விடுவது குற்றம். காட்டுப்பன்றிக்கு என்று இழுத்த கம்பியில் மனிதர்கள் இறந்த செய்தி நம் மாநிலத்தில் ஆண்டு தவறாமல் வருகிறது. பல சமயம் இறப்பது கம்பி கட்டியவரின் வீட்டு ஆளே. மழைக்கால ஈரத்தில், ராத்திரி வெளியே போக எழுந்திருக்கும் உங்கள் மாமியாரை நினைத்துப் பாருங்கள்.

கூட்டைப் பற்றி

எந்த விலங்கு வந்தாலும் அது எந்த வழியாக நுழைந்தது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் கூடு நான்கடி ஹாலோபிளாக் சுவர், அதற்கு மேல் கோழிவலை, நாட்டு ஓடு வேய்ந்த கூரை, பலகைக் கதவு. பார்க்கப் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நான்கு வாசல்கள் இருக்கின்றன, நீங்கள் பூட்டுவது ஒன்றை மட்டும்தான்.

முதல் வாசல் கூரை. நாட்டு ஓட்டை மரநாய் கையால் விலக்குவது போல விலக்கிவிடும். ஓட்டை எடுக்க வேண்டாம், அதற்குக் கீழே, கைமரத்தோடு சேர்த்து முழுக்க வெல்டு மெஷ் என்ற பற்றவைத்த கம்பிவலையை அடித்துவிடுங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் அதே வலையால் மூடுங்கள். பின்பக்கத்து வேப்பமரக் கிளை கூரைமேல் சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மரநாய் வந்த பாதை அதுவாகத்தான் இருக்கும். கூரையிலிருந்து ஆறேழு அடி விலகும்படி அந்தக் கிளையைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்தக் கோழிவலை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், வருகிறவனைத் தடுக்காது. நாய் கிழிக்கும், பெருச்சாளி கடித்து அறுக்கும், கண் பெரிதாக இருந்தால் பாம்பு தாராளமாக நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். மொத்தமும் மாற்றக் கையில் பணம் இல்லையென்றால், சுவருக்கு மேல் முதல் இரண்டடி உயரத்துக்கும் கூரையடிக்கும் மட்டும் முதலில் மாற்றலாம். தலை நுழைகிற இடத்தில் கீரியின் உடல் முழுதும் நுழையும். இரண்டு அங்குலச் சந்து அதற்கு அகலமான தெரு.

மூன்றாவது தரை. இப்போது மழைக்காலம், மண் இளகிக் கிடக்கிறது. தோண்டி வருகிற விலங்கு சுவரின் அடியை ஒட்டியே தோண்டும். தள்ளி நின்று தோண்டும் அறிவு அதற்குக் கிடையாது. சுவரைச் சுற்றி வெளிப்பக்கத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, மேலே கல்லடுக்கி மண் போட்டு மூடுங்கள். நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிட்டுப் போகும். உள்ளே சிமெண்டுத் தளம் போட முடிந்தால் நல்லது. நான் என் சொந்தக் கூட்டில் சிக்கனம் பார்த்து மண் தரையாக விட்டு, பெருச்சாளிக்கு ஒரு மாதத்தில் எட்டுக் குஞ்சு கொடுத்தவன்.

நான்காவது கதவின் அடி. பலகைக்கும் வாசற்படிக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் போனால் ஒரு கட்டை அடித்து அடைக்க வேண்டும். கொண்டி மட்டும் போதாது. இழுத்தால் அசையாதபடி ஓர் ஆப்பும் வேண்டும். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில், திண்ணைக்கு அடியில் கட்டிய சிறு கோழிக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு வாய், அதை அடைக்க ஒரு பலகைக்கல். காற்றோட்டம் குறைவு என்பதைத் தவிர, அதைக் கட்டிய கொத்தனாரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இத்தனை செய்தும், கதவடைக்கிற நேரம் தவறினால் பயனில்லை. கோழிகள் பொழுதிறங்கும்போது தாமாகவே கூட்டுக்கு வந்துவிடும். வந்த அரை மணி நேரத்துக்குள் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள். நீங்கள் நூறுநாள் வேலைக்கோ சந்தைக்கோ போய்த் திரும்பத் தாமதமாகும் நாட்களில் இது யார் வேலை என்று வீட்டில் முடிவாக வேண்டும். காலையில் நன்றாக வெளுத்த பிறகு திறங்கள். நாலரை மணிக்குத் திறந்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூட்டில் நீங்கள் இரவு முழுக்க எரியவிடும் குண்டு பல்பை மரநாய் இரண்டு நாள் சந்தேகப்படும், மூன்றாம் நாள் அந்த வெளிச்சத்திலேயே சாப்பிடும்.

ஒருமுறை ருசி கண்ட விலங்கு அடுத்த சில இரவுகளில் மீண்டும் வரும். வேலை முடியும் வரை 17 கோழிகளையும் வீட்டுக்குள், சமையற்கட்டுத் தாழ்வாரத்தில் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் அடையுங்கள். நாற்றம்தான், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளலாம்.

பகலில் என்ன செய்வது

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இது. ஆறு சிறுவிடைகளில் ஒன்றுகூடப் போகவில்லை, புதிதாக வந்த நாற்பதிலேயே எல்லா இழப்பும் ஏன்? ராசி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை என்பதுதான் காரணம்.

பொரிப்பான் இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கு வல்லூறு என்றால் என்னவென்று யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. தாயோடு திரிகிற குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே தாயின் எச்சரிக்கைக் குரல் பழகிவிடும். வானத்தில் நிழல் தெரிந்தால் தாய் ஒருவிதமாக நீட்டிக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே செத்தது போல உறைந்துவிடும் அல்லது அவள் சிறகுக்குள் ஓடும். தரையில் கீரி வந்தால் வேறு குரல். சிறுவிடைப் பெட்டை குஞ்சுக்காகக் கீரியின் முகத்தில் பாய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்தென்றால் மரத்துக்கும் பறந்துவிடும்.

நான்கு வாரக் குஞ்சுகளை உங்கள் பெட்டைகள் இனிமேல் ஏற்றுக்கொள்ளாது, கொத்தித் துரத்தும். மிஞ்சியிருக்கிற 17உம் இப்போது வளர்ந்துவிட்டன, வல்லூறு பயம் ஏறக்குறைய தீர்ந்தது. அடுத்த முறைக்கு என் யோசனை, வெளியில் குஞ்சு வாங்காமல் உங்கள் சிறுவிடைகளிலேயே இரண்டை ஒரே நாளில் அடை வையுங்கள். ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாள். பொரித்த பின் இரண்டு மாதம் வரை அவள் காவலில் விடுங்கள். மானியத்தில் மறுபடி குஞ்சு கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினால் எட்டு வாரம் முடியும் வரை மேலே மீன்வலை போர்த்திய அடைப்புக்குள்ளேயே வைத்திருங்கள். அந்த வெட்டவெளிப் பக்கத்தில் ஓர் அவரைப் பந்தலோ பீர்க்கன் பந்தலோ போட்டால், உங்களுக்குக் காய், கோழிக்கு ஒளிய இடம். பழைய சிடி தட்டுகளைக் கட்டித் தொங்கவிடுவது நான்கு நாளைக்கு வேலை செய்யும். காகத்தைக் கொன்று கட்டித் தொங்கவிடும் பழக்கம் வேண்டாம்.

பஞ்சாரத்தில் அடைக்கும்போது மேலே கனமான கல் வையுங்கள். மூங்கில் இடுக்கு வழியாகக் கீரி குஞ்சின் காலைப் பிடித்து இழுக்கும், ஆகவே கீழ் ஓரடிக்குச் சாக்கோ வலையோ சுற்றித் தையுங்கள். புதரைக் கூட்டிலிருந்து முப்பதடி தூரத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைத்தால், மறைவில்லாத வெளியைக் கடந்து வரக் கீரி யோசிக்கும். சிந்திய தீவனத்தை மாலையில் கூட்டி அள்ளிவிடுங்கள். அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

நாய் வளர்க்கலாமா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். குட்டியிலிருந்து கோழியோடு வளர்ந்த நாய் நல்ல காவல். வளர்ந்த நாயைக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு காவல் தேவைப்படும். கின்னிக்கோழி இரண்டு இருந்தால் புதிதாக எது வந்தாலும் ஊரையே எழுப்பும். பக்கத்து வீட்டாரோடு உறவு எப்படி என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். அவர்களுடைய நாயின் மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகத்துக்கு, கடிதத்தில் சொன்ன எதிலும் ஆதாரம் இல்லை. அந்தப் பேச்சை வளர்க்காதீர்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. மூன்று இரவுகள் கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவிவிட்டு, விடிந்ததும் மற்றவர்கள் மிதிப்பதற்கு முன் தடத்தைப் பாருங்கள். நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை இனம். நான்கு விரலோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் என்றால் இரவில் மரநாய், பகலில் கீரி. கோடாக இழுத்திருந்தால் பாம்பு. தீயணைப்புத் துறையை அழையுங்கள், நீங்களாகத் தடியெடுக்க வேண்டாம். செருப்புத் தடம் இருந்தால், அந்தக் கணக்கில் வராத இரண்டு கோழிகள் எங்கே போயின என்பதும் தெரிந்துவிடும்.

கோழி வளர்ப்பை விட்டுவிடலாமா என்றால், வேண்டாம். 17 கோழிகளும் ஆறு சிறுவிடைகளும் ஒரு சேவலும் கையில் இருக்கும்போது விடுவதற்குக் காரணம் இல்லை. இந்த வாரமே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய்ச் சிறுவிடைகளையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எப்போது போடலாம் என்று கேளுங்கள். ஐப்பசியில் ஐந்து இறந்ததைச் சொல்லுங்கள், குடற்புழு நீக்கம் முதலில் வேண்டுமா என்பதையும் அவர் சொல்வார். பல மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள். பிப்ரவரியில் நடக்கும் இருவாரத் தடுப்பூசி முகாம் வரை காத்திருக்காதீர்கள். கோழிகள் மறுபடி கூனத் தொடங்கினால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

அதற்கு முன்னால் பையனின் ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை வரச் சொல்வார்கள். தேதிகளைச் சீட்டில் எழுதி வாங்கி, கூட்டுச் சாவி மாட்டுகிற ஆணியிலேயே மாட்டி வையுங்கள். நான்காவது ஊசிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.